ஒன்பதாம் இயலுக்கு ஒரு திருத்தம்

நினைவுக் கூட்ட மேடையில், அம்மையாரின் உருவப்படத்திற்கு முன்னே, மாலைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், ஒரு சுருள் கட்டுத்துணி வைக்கப்பட்டிருந்தது. அறியாதவர் கண்டால், மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய யாரோ மறந்து வைத்துவிட்டதாகவே எண்ணியிருப்பர். பழுப்பேறிய பருத்தித் துணி. மேலே நீல மையால் இட்ட புள்ளிகள், சில ஊறிப் பரவியும் சில அழிந்தும் இருந்தன. அத்துணியை அங்கே வைத்தவர் அம்மையாரின் தமையனார். மேடையில் இருந்தோருள் அதன் பொருளை அறிந்தவர் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியவில்லை.

இக்குறிப்பை எழுதுவதற்குரிய காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இராசபாளையத்தில் நான் தமிழ் கற்பித்த கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக விளங்கியவர் அவ்வம்மையார். அண்மையில் அவர் மறைந்தபோது முன்னாள் மாணவர்கள் கூடி நினைவுக் கூட்டம் நடத்தினர். அதில் உயர்பதவியில் உள்ள ஒருவர், "அண்டம் நாளுக்கு நாள் விரைவு கூடி விரிகிறது என்பதை மேலைநாட்டார் அறிவிக்கும் முன்பே நம் அம்மையார் தமிழில் எழுதிவிட்டார்" என்று முழங்கினார். சான்றாக அவருடைய நூலின் ஒன்பதாம் இயலிலிருந்து ஒரு தொடரையும் படித்தார்: "வெற்றிடத்திற்கே ஒரு தள்ளாற்றல் உண்டு என்று கொள்ள இடமுண்டு." அரங்கம் நெடுநேரம் கைதட்டியது. அத்தொடர் நூலில் அவ்விடத்தில் முடியவில்லை. "ஆயினும் அவ்வாறு கொள்வதற்குச் சான்று ஏதும் இல்லை, அண்டத்திற்கு அது தேவையும் இல்லை" என்று மேலும் செல்கிறது. அந்நூலின் மொழிநடையைச் செப்பம் செய்தவன் நான். ஆகவே ஐயத்திற்கு இடமின்றிச் சொல்ல முடியும். அவ்வுரை நினைவு மலரிலும் அச்சாகப் போகிறது என்று கேள்வியுற்றேன். அம்மையார் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் எழுதியிருந்தது தவறு. அத்தவற்றை அவர் என்ன செய்தார் என்பதே பதிவு பெறத்தக்கது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அக்கல்லூரியில் சேர்ந்தேன். அம்மையார் திருவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவார். விறைப்பான கைத்தறிச் சேலை, வேகமான நடை, எவரையும் பாதிப் பேச்சில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம். இவற்றால் அவருக்கு அஞ்சியவர் பலர். ஒரு நாள் ஆசிரியர் அறையில், விண்மீன் திரள்கள் யாவும் நம்மை விட்டு விலகிச் செல்வதாக ஏதோ ஓர் இதழில் படித்ததைக் குறிப்பிட்டு, அப்படியானால் அண்டத்தின் நடுவிடம் நாம் தானோ என்று கேட்டேன். சற்று எள்ளலாகவே கேட்டிருப்பேன். அம்மையார் கைப்பையைத் திறந்து கட்டுத்துணிச் சுருளை எடுத்தார்.

"தமிழய்யா, இந்த முனையைச் செத்தப் பிடிங்க. இறுக்கிப் பிடிக்கணும், விட்டுரக் கூடாது."

மறுமுனையைப் பற்றிக்கொண்டு அவர் பின்னால் நகர்ந்தார். துணி நீண்டது, புள்ளிகளுக்கு இடையிலான தொலைவும் நீண்டது. எந்தப் புள்ளியை நான் சுட்டினாலும், அதிலிருந்து ஏனைய யாவும் விலகின. அண்மையில் இருந்தவை மெல்லவும் தொலைவில் இருந்தவை விரைவாகவும் விலகின. நடு என்று எதுவும் இல்லை. புள்ளிகள் ஓடவில்லை, இடமே நீள்கிறது என்பதை ஒரு சொற்பொழிவும் இன்றி விளங்கிக்கொண்டேன். அந்நேரம் உள்ளே வந்த பொருளியல் ஆசிரியர் எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்து, "என்ன சார், அடி பலமோ?" என்றார். "அடி அண்டத்துக்கு சார். கட்டுப் போடுதோம், நீங்களும் ஒரு கை பிடிங்க" என்றார் அம்மையார். பிறகு என்னை நோக்கி, "இப்ப விடுங்க" என்றார். விட்டேன். துணி சுரீரென்று சுருங்கி அவர் கைக்குள் போயிற்று.

"பார்த்தீங்களா? இழுக்குறதுக்குத்தான் ஒரு ஆள் வேணும். சுருங்குறதுக்கு யாரும் வேண்டாம், அது தன்னால நடக்கும்."

அத்துணி அவருடைய தமையனாரின் விசைத்தறிக் கூடத்தில் நெய்யப்பட்டது. இராசபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்வது பெருந்தொழில். 'பேண்டேஜ்' என்பதே அங்கே அன்றாட வழக்கு. பெரும்பாலான துணி இழுபடாத வலைத்துணி. சுளுக்குக்கும் வீக்கத்திற்கும் கட்டும் வகை வேறு. அதற்கு நூலை மிகுதியாக முறுக்கி நெய்வர். நெய்த பின் நீரில் நனைத்ததும், முறுக்கேறிய நூல் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு துணியைச் சுருக்கிவிடும். பிறகு எத்தனை முறை நீட்டினாலும் அம்முறுக்கு அதைத் திரும்ப இழுக்கும். அம்மையார் சிறுமியாய் இருந்தபோதே இச்சுருக்கத்தைக் கையால் அறிந்தவர். பின்னாளில் ஈர்ப்பு விசையைப் பற்றிப் படித்தபோது, அண்டத்திலுள்ள பொருள்கள் யாவும் ஒன்றையொன்று இழுப்பதால் விரிவு தணிந்தாக வேண்டும் என்னும் கருத்தை அவர் எளிதில் ஏற்றதற்கு, சமன்பாடுகளோடு இத்துணியும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். இதனை நானாகக் கூறவில்லை. அவரே பின்னாளில் கூறினார்.

வால்மீன் வந்த ஆண்டில் திருவில்லிபுத்தூரில் அவர் ஒரு பொதுவுரை ஆற்றினார். வால்மீனைப் பற்றிக் கேட்க வந்த கூட்டத்திற்கு அண்ட விரிவையும் சேர்த்துச் சொன்னார். மேடையில் துணியின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அன்று கூட்டத்திலிருந்து எழுந்து வினவியவர் அவ்வூரின் மடவார் வளாகப் பகுதியில் அச்சகம் நடத்திய இசுலாமியப் பெரியவர். ஊரார் அவரை அச்சகத்துப் பாய் என்பர்.

"டீச்சர், எல்லாம் விலகிப் போகுதுங்கீங்களே, நம்ம ஊரும் ராஜபாளையமும் விலகிப் போகுமா? அப்படின்னா பஸ்காரன் டிக்கெட்டைக் கூட்டிருவானே!"

சிரிப்பு அடங்கியபின் அம்மையார், நெருங்கிப் பிணைந்தவற்றை விரிவு பிரிப்பதில்லை என்றும், விண்மீன் திரளுக்கு உள்ளே ஈர்ப்பே ஆட்சி செய்கிறது என்றும் விளக்கி, "உங்க அச்சாபீசும் எங்க வீடும் அம்புட்டுக்கு அம்புட்டு அப்படியே இருக்கும் பாய். கல்யாணப் பத்திரிகை வரத் தாமதமானா அண்டத்து மேல பழி போட முடியாது" என்றார். இருவருக்கும் நட்பு ஏற்பட்டது அன்றுதான்.

அவரிடம் பயின்றோருள் பலர் பள்ளி ஆசிரியர் ஆயினர். மம்சாபுரத்திலும் தேவதானத்திலும் பிற ஊர்களிலும் அவர்கள் பாடம் நடத்தியபோது கட்டுத்துணியும் உடன் சென்றது. தமையனார் கூடத்தில் ஓரம் பழுதான துணி மிகுதி. ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கிச் செல்வர். இதனால் அவ்வட்டாரத்தில் அண்ட விரிவு என்றாலே கட்டுத்துணி நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று. நீட்டிக் காட்டுவர், முடிவில் கைவிட்டுச் சுருங்கவும் காட்டுவர். பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிச் சுரீர் தான் பிடித்தமானது என்று ஓர் ஆசிரியை என்னிடம் கூறியதுண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மையார் தமிழில் ஒரு நூல் எழுத முற்பட்டார். பணி ஓய்வுக்கு முன் அது வெளிவர வேண்டும் என்பது அவர் விருப்பம். சனிக்கிழமைகளில் இயற்பியல் துறை அறையில் அமர்ந்து அவர் படிக்க, நான் சொற்களைச் செப்பம் செய்வேன். ஒரு சொல்லுக்கு முற்பகல் முழுவதும் வழக்காடியதும் உண்டு. பத்து இயல்களில் ஒன்பதாம் இயலுக்கு 'விரிவின் முடிவு' என்று தலைப்பிட்டார். நூலின் சிகரம் அது. அண்டம் ஒரு நாள் விரிவு நின்று சுருங்குமா, அல்லது தணிந்து தணிந்து என்றும் விரிந்துகொண்டே இருக்குமா என்பதே அவ்வியலின் வினா. தணியுமா என்ற வினாவுக்கு அங்கே இடமே இல்லை. சார்பியல் கொள்கையை வகுத்த அறிஞர், அசையா அண்டம் ஒன்றை நிலைநிறுத்தும் பொருட்டுத் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்ததையும், விரிவு அறியப்பட்டபின் அதனைக் கைவிட்டதையும் அவ்வியல் கூறுகிறது. மேடையில் பாதியாகப் படிக்கப்பட்ட தொடர் அவ்விடத்தில் வருவது. இயலின் இறுதித் தொடர் இது: "மேலெறிந்த கல்லின் விரைவு தணிவது போல் அண்டத்தின் விரிவும் தணியும்; தணிவின் அளவு ஒன்றே இனி நாம் அறிய வேண்டுவது." அத்தொடரை எழுதி முடித்த நாளில் அவர் அனைவருக்கும் பால்கோவா வாங்கி வந்தார்.

நூலை அச்சகத்துப் பாயே அச்சிட்டார். பதினாறு பக்கம் கொண்ட ஒவ்வொரு பாரமாக எழுத்துக் கோத்து, அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பாரத்திற்குப் போவது அங்கு வழக்கம். முழு நூலுக்கும் ஒருசேரக் கோத்துவைக்க அவரிடம் ஈய எழுத்துகள் இல்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்பதாம் இயல் அச்சாகி, எழுத்துகளும் பிரிக்கப்பட்டுவிட்டன. அவ்வேளையில்தான் செய்தி வந்தது. தொலைவில் வெடித்த விண்மீன்கள் சிலவற்றின் ஒளியை இரு குழுவினர் தனித்தனியே அளந்திருந்தனர். விரிவு தணிந்து வருமாயின் அவை எவ்வளவு ஒளியுடன் தோன்ற வேண்டுமோ, அதைவிட மங்கலாகத் தோன்றின. மங்கல் எனில் கூடுதல் தொலைவு. கூடுதல் தொலைவு எனில் இடைக்காலத்தில் விரிவு தணியவில்லை, விரைந்திருக்கிறது.

ஆசிரியர் அறையில் ஆங்கில நாளிதழை அம்மையார் மடித்து வைத்தார். பின்னர் என்னை அழைத்தார்.

"தமிழய்யா, மேல எறிஞ்ச கல்லு திரும்பி வரலையாம். வேகம் குறையவும் இல்லையாம். போகப் போக வேகமாப் போகுதாம்."

செய்தி உறுதியானதா என்று வினவினேன். "தெரியல. ரெண்டு கூட்டத்தார் தனித்தனியா அளந்து ஒண்ணையே சொல்லுதாங்க. அதான் இடிக்குது" என்றார். அன்று அவர் வகுப்பை விடவில்லை. மாலைப் பேருந்தையும் தவற விடவில்லை. ஆனால் அடுத்து வந்த வாரங்களில் மதுரைக்குச் சென்று நூலகத்தில் ஆய்விதழ்களைப் படித்துவருவது வழக்கமாயிற்று. அவர் முன் இருந்த சிக்கல் வெளிப்படையானது. ஓய்வு பெறும் நாளில் வெளிவரவேண்டிய அவருடைய ஒரே நூல், அதன் சிகரமான இயலில், தவறாக இருக்கலாம் என்று அவரே கருதும் ஒன்றை உறுதியாகச் சொல்லிக்கொண்டு அச்சகத்தில் அடுக்கப்பட்டுக் கிடந்தது. அதே கருத்து பல பள்ளிகளில் கட்டுத்துணியாகவும் உலவிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு பிற்பகலில் தமையனாரின் தறிக்கூடத்திற்கு என்னையும் வரச்சொன்னார். தமையனார் பருத்த உடலினர், உரத்த குரலினர். தறிகளின் ஓசைக்கு நடுவே வாழ்ந்தவர் மெல்லப் பேச இயலாது. மின்தடையால் அப்போது தறிகள் நின்றிருந்தன. அவர் குரல் மட்டும் நிற்கவில்லை. தங்கையின் கவலையை அவர் ஒரு கவலையாகவே கொள்ளவில்லை.

"ஏட்டி, ஒம்பதாம் இயலை எவன் படிக்கப் போறான்? மொதப் பக்கத்துல உன் போட்டோவைப் பார்ப்பான், மூடி வச்சிருவான்."

"நான் படிப்பேன்லண்ணே" என்றார் அம்மையார்.

பின்பு தாம் படித்தறிந்த விளக்கங்களை எங்களிடம் கூறலானார். தம் மனத்திற்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளவே உரக்கச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. முதல் விளக்கம், கைவிடப்பட்ட அம்மாறிலி மீண்டும் வருவது. வெற்றிடம் உண்மையில் வெறுமையன்று. அதற்கென்று ஓர் ஆற்றல் உண்டு. பொருள், அண்டம் விரிய விரிய நீர்த்துப்போகும். வெற்றிடத்தின் ஆற்றலோ நீர்த்துப்போகாது. இடம் கூடினால் அதுவும் கூடும். அத்தகைய ஆற்றல் ஈர்ப்பதற்கு மாறாகத் தள்ளும். முற்காலத்தில் பொருள் அடர்ந்திருந்ததால் ஈர்ப்பு மேலோங்கியது. பின்னர் பொருள் நீர்த்தபோது தள்ளுதல் மேலோங்கியது. இதனைத் தமையனாருக்கு விளக்க அவர் கட்டுத்துணியைத் தேடவில்லை. நின்றிருந்த தறியையே சுட்டினார்.

"இப்படி நினைச்சுக்கோ. துணியை இழுக்க இழுக்க இடையில புதுத்துணி பொறக்குது. பழைய துணி மெலியல, புதுசுலயும் அதே நூல், அதே நெருக்கம். இழுத்து மாளாது."

"அப்படி ஒரு தறி எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு ஏட்டி. எனக்கு ரெண்டு வாங்கிப் போடணும்" என்றார் தமையனார். பிறகு சற்றே எண்ணி, "சரி, அம்புட்டு நூலுக்கு எவன் கணக்குச் சொல்லுதான்?" என்று கேட்டார். கேலியாகவே கேட்டார். ஆனால் அம்மையார் அதற்கும் மறுமொழி வைத்திருந்தார். கணக்கில்தான் இடர்ப்பாடு. நுண்துகள்களின் கொள்கையைக் கொண்டு வெற்றிடத்தின் ஆற்றலைக் கணக்கிட்டால், வானத்தில் காண்பதைவிட ஒன்றின் பின் நூற்றிருபது சுழிகள் இட்ட அளவிற்கு மிகையாக வருகிறது. இயற்பியலில் இவ்வளவு பெரிய பொருந்தாமை வேறில்லை என்றார். தமையனார் இதனைக் கேட்டு மிகவும் தெம்படைந்தார். "அப்ப நம்ம கணக்குப்பிள்ளையே தேவலை."

இரண்டாம் விளக்கத்தின்படி அத்தள்ளாற்றல் மாறாத ஒன்றன்று. அண்டமெங்கும் பரவிய ஒரு புலம், காலப்போக்கில் மெல்ல மாறுவது. இன்று தள்ளுவது நாளை தளரலாம். ஆனால் அத்தகைய புலத்தை எவரும் கண்டதில்லை. மூன்றாவது, புதிய பொருள் எதுவும் வேண்டா. பெருந்தொலைவுகளில் ஈர்ப்பு விதியே வேறாக இருக்கலாம். அப்படியாயின் கோள்களின் இயக்கத்தில் இம்மி பிசகாமல் பொருந்தும் விதியைத் தொலைவில் மட்டும் எவ்வாறு மாற்றுவது? நான்காவது, அளவீட்டிலேயே பிழை; இடையிலுள்ள தூசு ஒளியை மங்கச் செய்திருக்கலாம், அல்லது பழங்காலத்து விண்மீன் வெடிப்புகள் இயல்பாகவே ஒளி குறைந்தவையாக இருந்திருக்கலாம். இந்நான்காவது மெய்யானால் ஒன்பதாம் இயல் பிழைத்துக்கொள்ளும் என்பதை நாங்கள் மூவரும் அறிவோம்.

"இதுதான் எனக்குத் தோதானது. அதனாலேயே இதை நான் நம்பக் கூடாது" என்றார்.

இத்தள்ளாற்றலுக்குத் தமிழில் ஒரு பெயரை உடனே நிலைநிறுத்திவிட வேண்டும், பிறர் முந்திக்கொண்டு கொச்சையாக ஏதேனும் வழங்கிவிடுவர் என்று நான் வற்புறுத்தினேன். 'விலக்காற்றல்' என்பது என் பரிந்துரை. "பேருக்கு என்ன அவசரம் ஐயா, ஆளு யாருன்னே தெரியல" என்று அவர் சிரித்துத் தள்ளிவிட்டார். பின்வந்த ஆண்டுகளில் 'இருள் ஆற்றல்' என்னும் பெயர் ஊன்றிவிட்டது. என் பரிந்துரையை இன்று எவரும் அறியார்.

அதன்பின் அச்சகத்தில் நடந்த வழக்காட்டு ஒரு முற்பகல் நீண்டது. என் நிலை, நூலை உள்ளவாறே வெளியிடலாம் என்பது. அறிவியல் நூல்கள் யாவும் காலத்தால் பழமையடைபவை. அச்சான நாள்வரை அறியப்பட்டதை எழுதினோம் என்பதில் இழுக்கில்லை என்றேன். இவ்வாதத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. பாய் சொன்ன வழி வேறு.

"டீச்சர், தைக்குறதுக்கு முன்னாலே அந்த ஒம்பதையே உருவிருவோம். எட்டு முடிஞ்சதும் பத்து வரட்டும். எண்ணிப் பார்க்கவா போறாங்க?"

"பாய், பத்தாவது இயல் மொத வரியிலேயே 'மேலே கூறியவாறு'ன்னு இருக்கு" என்றார் அம்மையார்.

"அதுக்கு மேல எட்டாவது இருக்குல்ல!"

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் ஒப்பவில்லை. இயலை நீக்கினால், தாம் ஒருபோதும் அவ்வாறு எண்ணியதில்லை என்று ஆகிவிடும், எண்ணியது உண்மை. உள்ளவாறே விட்டால், இன்றும் அவ்வாறே எண்ணுவதாக ஆகிவிடும், அது பொய். புதிதாக எழுதலாம் என்றாலோ, எழுதுவதற்கு உறுதியான ஒன்றும் இல்லை. ஓய்வு நாளும் நெருங்கிவிட்டது. இறுதியில் அவர் கேட்டது ஒரு பிழைதிருத்தத் தாள். ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் அதனை ஒட்ட வேண்டும் என்றார். பாய்க்கு இது பெரும் மனக்குறையாயிற்று.

"பிழைதிருத்தம்னா ரெண்டு புள்ளி, ஒரு கால் விட்டுப் போச்சுன்னு போடுவோம். ஒரு இயலே தப்புன்னு ஒட்டுனா, என் அச்சாபீசுக்கு ஒருத்தன் வருவானா டீச்சர்? கல்யாணப் பத்திரிகைகூடக் குடுக்க மாட்டான், மாப்பிள்ளை பேரு தப்பா வரும்னுட்டு!"

பிழை அச்சகத்துடையதன்று, ஆசிரியருடையது என்று தனியே ஒரு வரி சேர்ப்பதாக ஒப்புக்கொண்டபின்தான் அவர் இசைந்தார்.

தாளின் வாசகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அரைப்பக்க அளவில் ஒரு வரைவு எழுதினேன். அண்மைய நோக்கீடுகளின் அடிப்படையில் ஒன்பதாம் இயலின் முடிபுகள் மீளாய்வுக்கு உரியன ஆயின என்றும், அறிஞர் உலகம் பல்வேறு விளக்கங்களை ஆராய்ந்து வருகிறது என்றும், ஆசிரியரின் பிற கருத்துகளுக்கு இதனால் ஊறில்லை என்றும் அது கூறியது. அம்மையார் நின்றபடியே படித்தார். சிவப்பு மையால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே சென்றார். எஞ்சியது பிழைதிருத்தத்திற்குரிய வழக்கமான நிரல் மட்டுமே. பக்கம் என்னும் இடத்தில் 'இயல் ஒன்பது, முழுவதும்' என்று எழுதினார். பிழை என்னும் இடத்தில் 'விரிவு தணியும் என்றது'. திருத்தம் என்னும் இடத்தில் ஒரே ஒரு சொல்: 'தெரியவில்லை'.

அது வறண்டு தோன்றியதால், 'இன்னும் தெரியவில்லை' என்றாவது இருக்கட்டும் என்றேன். எழுதப் போனவர் நிறுத்திவிட்டார்.

"'இன்னும்'னு போட்டா, ஒரு நாள் தெரிஞ்சிரும்னு சொன்ன மாதிரி ஆகும் ஐயா. அதுவும் நமக்குத் தெரியாதே."

வெளியீட்டு விழா மடவார் வளாகத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. பிற்பகல் வெயிலைப் பொருட்படுத்தாமல் சுற்றூர்களில் ஆசிரியராக இருந்த பழைய மாணவர்கள் பலர் வந்திருந்தனர். அம்மையார் அவர்களைச் சிறப்பாக வரவழைத்திருந்தார். பாராட்டுரைகள் முடிந்து ஏற்புரைக்கு எழுந்தவர், என்னை மேடைக்கு அழைத்துத் துணியின் முனையைக் கொடுத்தார். நீட்டினோம். இத்துணி சரியாகக் காட்டுவது எது, நடு இல்லாத விரிவு, என்பதை முதலில் சொன்னார். பின்பு விடச் சொன்னார். துணி சுருங்கியது. பின்வரிசையில் சில பிள்ளைகள் வழக்கம்போல் சிரித்தனர்.

"இந்தக் கடைசியில சுருங்குதே, இது எங்க அண்ணன் நூல்ல ஏத்துன முறுக்கு. வானத்துல அப்படி ஒரு முறுக்கு இருக்குன்னு நானும் நினைச்சேன், உங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்துட்டேன். கையில சுருங்குனதைப் பார்த்துப் பார்த்து, அங்கயும் சுருங்கத்தான் பார்க்கும்னு முடிவு பண்ணிட்டேன். அது தப்பு. நீங்களும் போய்ப் பிள்ளைகள்ட்ட மாத்திச் சொல்லணும்."

பாராட்டு விழாவில் எதிர்பார்க்கத்தக்க பேச்சு அன்று அது. முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தமையனார் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "நூலு நம்ம நூலுதான், முறுக்குல குத்தமில்ல" என்று தெளிவுபடுத்திக்கொண்டிருந்தது எனக்கு மேடைவரை கேட்டது. அப்போது மம்சாபுரத்து ஆசிரியை ஒருவர் எழுந்தார். அவர் கையிலும் ஒரு சுருள் இருந்தது.

"அம்மா, அப்ப இனிமே நாங்க எதை வச்சுக் காட்ட?"

அம்மையார் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"இதையே வச்சுக் காட்டுங்க. வேற என்ன இருக்கு? நல்லா இழுத்துப் பிடிங்க. ஆனா கையை மட்டும் விட்டுராதீங்க. விட்டா என்ன ஆகும்னு பிள்ளைக கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதுன்னா சிரிக்குமேம்மா?"

"சிரிக்கட்டும். இம்புட்டு நாளும் நம்மளும் சிரிக்கத்தானே வச்சோம்."

அவ்வாசிரியையின் பள்ளியில் அதன்பின் பல ஆண்டுகள் துணியைக் கைவிடாமல் அவ்வாறே காட்டினர் என்று அறிகிறேன். ஏனைய ஊர்களில் என்ன நடந்தது என்பதை நான் அறியேன். விழாவிற்குப் பிறகு அம்மையார் நூலை எழுதியவர் என்னும் நிலையில் பெரும்புகழ் எதனையும் பெறவில்லை. தம் நூலைத் தாமே பழித்தவர் என்று சிலர் நகைத்தனர். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அண்ட விரிவு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். நான்கு விளக்கங்களில் எதற்கேனும் வலு கூடியதா என்று கேட்டால், "நாலாவது மட்டும் செத்துக்கிட்டு வருது ஐயா" என்பார். தமக்குத் தோதானது அது என்பதை அவர் மறக்கவில்லை. வேறு அளவீடுகளும் விரைவையே காட்டின. முதலாம் விளக்கம் எளியது என்பதால் பலரும் அதனையே கைக்கொண்டனர். ஆயினும், அத்தள்ளாற்றல் காலப்போக்கில் தளர்கிறதோ என்னும் ஐயத்தைச் சில அளவீடுகள் அண்மையில் எழுப்பியிருப்பதாகப் படித்தேன். அதுவும் உறுதிப்படவில்லை. அம்மையார் 'இன்னும்' என்ற சொல்லை மறுத்தது அப்போது நினைவுக்கு வந்தது.

ஒட்டப்பட்ட தாள்களின் நிலை வேறு. அவை மாப்பசையால் ஒட்டப்பட்டவை. நான் தேடிப் பார்த்த நூலகப் படிகளுள் ஒன்றில் பூச்சி அரித்துப் பசைத்தடம் மட்டும் எஞ்சியுள்ளது. மற்றொன்றில் நூலுக்கு மறுபடி அட்டை கட்டியபோது கிழித்தெறிந்துள்ளனர். ஒன்பதாம் இயல் மட்டும் நல்ல தாளில், நல்ல அச்சில், அப்படியே உள்ளது. மேடையில் முழங்கியவர் படித்தது அத்தகைய ஒரு படியாக இருக்கலாம். அவர் தொடரை ஏன் பாதியில் நிறுத்தினார் என்பதற்கு அது விடையாகாது. அது என் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

நினைவுக் கூட்டம் கலைந்தபின் தமையனார் படத்தின் முன்னிருந்த சுருளை எடுத்து என் கையில் திணித்தார். "நீங்கதானே அந்தப் பக்கம் பிடிப்பீக, நீங்களே வச்சுக்கோங்க" என்றார். அவர் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. அச்சுருள் இதனை எழுதும் மேசைமேல் இருக்கிறது. சற்று முன் ஒரு முனையைப் புத்தக அடுக்கின்கீழ் வைத்து இழுத்துப் பார்த்தேன். நீண்டது. கைவிட்டேன். சுருங்கவில்லை, இழுத்தபடியே கிடந்தது. ஆண்டுக்கணக்கில் நூலின் முறுக்குத் தளர்ந்துவிட்டது போலும். இதிலிருந்து அண்டத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று அம்மையார் கட்டாயம் கூறியிருப்பார். ஆகவே வரவில்லை.

இக்குறிப்பு நினைவிலிருந்து எழுதப்பட்டது. நினைவு எனக்கு ஏற்றவாறு சுருங்கியிருக்கவும் கூடும். அம்மையாரை அறிந்தோரும், இயற்பியல் கற்றோரும், அவ்விழாவில் இருந்தோரும் இதில் பிழை காணின் தயங்காது சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். திருத்தம் என்னவென்று அறியாதவரும் பிழையை மட்டுமேனும் தெரிவிக்கலாம். அவ்விடத்தில் எழுதுவதற்குரிய சொல் என்னிடம் இருக்கிறது.